ஊதாவுக்கு அப்பால் ஏழு

முப்பத்தொரு வருஷம் சினிமாக் கொட்டகையில் புரொஜெக்டர் ஓட்டியவர் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் நம்புகிறேன். அவரை நான் முதன்முதலில் பார்த்ததே ஒரு புகாரோடு போனபோதுதான்.

எழுபதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு மதியக் காட்சி. திரை பதினேழு தடவை மங்கியது. எண்ணினேன். எண்ணுவது எனக்குப் பிழைப்பு. அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில், ஊர் ஊராகத் தென்னையையும் கிணற்றையும் எண்ணி அனுப்புகிற தாள்களைச் சரிபார்க்கிற வேலை. ஆபீஸ் விட்டாலும் அது விடாது. வலியசாலைக் கோயிலில் பிரதட்சிணம் வருகிறபோது எத்தனை அடி வைத்தேன் என்று கேட்டால் சொல்வேன். ஆகவே படம் முடிந்ததும் பின்பக்க இரும்புப் படியில் ஏறிப் போய் ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

"பதினேழு தடவை மங்கித்து. ஒரு தடவை ரெண்டு தடவைன்னா பொறுத்துக்கலாம். பதினேழு!"

பனியன் போட்ட, ஒல்லியான, ஐம்பது வயதுக்காரர். இடது கண் வெளுத்துக் கிடந்தது. வலது கண்ணால் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"பத்தொம்பதாக்கும் சாமி. நீங்க ரெண்டு விட்டுட்டிய."

என் கணக்கில் குறை சொன்னவர்கள் அதுவரை இல்லை.

"பாட்டு வந்தப்ப ஒண்ணு, கடைசிச் சண்டையில ஒண்ணு. நீங்க படத்தப் பாத்துக்கிட்டு இருந்திருப்பிய" என்றார், அதுதான் என் தப்பு என்பதுபோல.

"சினிமாவுக்கு வந்தவன் படம் பாக்காம என்ன பண்ணுவான்?"

"படம் பாக்கதுக்கு ஆயிரம் பேரு கீழ இருக்கான். வெளிச்சத்தப் பாக்கதுக்கு நான் ஒருத்தன்தானே?"

அந்தக் காலத்துப் புரொஜெக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கரிக்குச்சிகளை நுனிக்கு நுனி வைத்து மின்சாரம் விடுவார்கள். நடுவே ஒரு சின்னச் சூரியன் பிறக்கும். குச்சிகள் எரிந்து குறையக் குறைய, ஒன்றை ஒன்று நெருங்கும்படி கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் திரை மங்கும். இவர் மறப்பதற்குக் காரணம் உண்டு. குச்சி எரிகிற பெட்டியில் ஒரு சிறு துளை, அதில் கறுப்புக் கண்ணாடி. அதன் வழியே சுடரின் ஓரத்தில் பச்சை ஒன்று வந்து போவதைப் பார்த்தபடி நின்றுவிடுவார். அந்தப் பச்சை எதனால் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பேர் சொல்லாமலே எழுதுகிறேன். அவர் தன் நோட்டில்கூடப் பேர் எழுதியதில்லை. எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர்.

ஊர் குளச்சல் பக்கம். ஆரியசாலையில் மிளகாய் மல்லி மொத்தக் கடை ஒன்றின் மாடியில் குடியிருந்தார். இருபத்திரண்டு படி, மூன்றாவது ஆடும். ஏறி முடிப்பதற்குள் மிளகாய் நெடியில் எனக்கு ஆறேழு தும்மல் வந்துவிடும். தும்மலையும் பொறுத்துக்கொண்டு பதினாறு வருஷம் ஏறினேன் என்றால் மேலே இருந்ததுதான் காரணம்.

மேலே இருந்தது ஒரு பெட்டி. தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்து உள்ளே விளக்குக் கரி பூசியது. ஒரு முனையில் சவர பிளேடு ஒன்றை இரண்டாக உடைத்து, கூர்ப்பக்கங்கள் எதிரெதிராக, நடுவே மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டியிருந்தார். அதற்கு உள்ளே பழைய புரொஜெக்டர் லென்ஸ். அப்புறம் ஒரு முக்கோணக் கண்ணாடிப் பட்டகம். ஏதோ கல்லூரிச் சோதனைச்சாலை தள்ளிவிட்டது, ஒரு மூலை உடைந்தது. மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்க்கலாம். கண்ணை எடுத்துவிட்டு மடிப்புக் கேமராவையும் வைக்கலாம். கேமராவில் ஒரு சுருளுக்கு எட்டுப் படம்.

பிளேடு இடுக்கில் நுழைகிற வெளிச்சம் மறுமுனையில் சிவப்பிலிருந்து ஊதா வரை பட்டையாக விரிந்து கிடக்கும். அதை அவர் படம் எடுப்பார். கறுப்பு வெள்ளையில்.

"வானவில்ல கறுப்பு வெள்ளையில எடுக்கற ஆள் லோகத்துலயே நீங்க ஒருத்தர்தான் ஆபரேட்டரே" என்று முதல் நாள் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "கலரு நம்ம கண்ணுக்குள்ள உள்ளதாக்கும் சாமி. ஒங்க செவப்பும் எனக்க செவப்பும் ஒண்ணான்னு ஆருக்குத் தெரியும்? கோடு அப்படியில்ல. அது வெளியில உள்ளது. எங்க நிக்கோ அங்கதான் நிக்கும்."

கோடு. அதுதான் அவருடைய எல்லாம். அடுப்பில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அந்தச் சுடரைப் பெட்டி வழியே பார்த்தால், பட்டை மறைந்து மஞ்சளில் ஒரே ஒரு கோடு பளிச்சென்று நிற்கும். செம்பு உப்பான மயில்துத்தத்தைப் போட்டால் பச்சையில் கோடுகள். அந்தக் கரிக்குச்சியின் பச்சை அதனோடு பொருந்தியது. குச்சிக்குச் செம்பு முலாம் பூசுகிறார்கள் என்பதை, குச்சி விற்கிற ஏஜென்டுக்கே இவர்தான் சொன்னாராம்.

பள்ளி நோட்டு ஒன்றில் மூன்று பத்தி போட்டிருந்தார். கண், பிலிம், புத்தகம். கண்ணுக்கு எத்தனை கோடு, பிலிமில் எத்தனை, கையிலிருந்த பௌதிகப் புத்தகத்தில் எத்தனை. மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் எதையும் திருத்த மாட்டார். அப்படியே விட்டுவிடுவார். ஒரு தடவை கிடைத்த பிலிம் மலிவான ரகம். அதற்குச் சிவப்பு தெரியாது. கழுவிப் பார்த்தால் பட்டையில் பாதியைக் காணோம். நானாக இருந்தால் கடைக்காரனோடு சண்டைக்குப் போயிருப்பேன். அவர் அந்தத் துண்டை ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"பிலிமுக்குக் கண்ணு இவ்வளவுதான். அதுக்கு மிச்சம் இருக்குன்னே தெரியாது, பாத்தியளா. நமக்கும் எங்கயோ இப்படித்தான் நிக்கும்."

ஒரு மாசம் வீட்டில் பெரிய ரகளை. எந்தச் சுடரைப் பார்த்தாலும் அந்த உப்புக் கோடு வந்து நின்றது. கற்பூரத்தில், தீக்குச்சியில், ஸ்டவ்வில், விளக்குத் திரியில். பழி மனைவி மேல் விழுந்தது.

"எல்லாத்தையும் உப்புக் கையோட தொடுதா" என்றார் என்னிடம், அவள் காது கேட்க.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "சாமி கேளுங்க, நேத்து இவிய எனக்க கையப் பிடிச்சு மூணு தடவ கழுவிவிட்டாவ. கலியாணத்தன்னிக்குக்கூட இப்படி ஆசையாப் பிடிக்கல்ல."

திரியைக் கொதிநீரில் அலசினார். தீப்பெட்டியை இடுக்கியால் எடுத்தார். கோடு போகவில்லை. பிறகு ஜூன் மாசத்து இடவப்பாதி மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, நான்காம் நாள் காற்று மலைப் பக்கத்திலிருந்து திரும்பியபோது, கோடு மங்கி இல்லையென்று ஆனது. மறுநாள் காற்று மேற்கிலிருந்து வந்தது. கோடும் வந்தது.

நான் போனபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சங்குமுகம் சாமி" என்றார். "கடலு. கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளு காத்துல இங்க வரைக்கும் வருது. நம்ம ஊருல ஒரு வெளக்குக்கூடக் கடலு இல்லாம எரியல்ல."

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி சுவாமி விளக்கு ஏற்றினாள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னன்னா, எத்தனை திரின்னு எண்ணறேளா?" என்றாள். எண்ணவில்லை. வாழ்நாளில் அபூர்வமாக எண்ணாமல் நின்ற தருணங்களில் அது ஒன்று.

இன்னொரு நாள் காலை சவரக் கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தைப் பிளேடு இடுக்குக்குத் திருப்பி ஒரு படம் எடுத்தார். சூரியப் பட்டையில் நெடுகக் கறுப்புக் கோடுகள் உண்டு. நெகட்டிவில் அவை வெளுப்பாக விழும். உப்புச் சுடரின் நெகட்டிவோ நேர்மாறு, வெளுப்பில் ஒரே கறுப்புக் கோடு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னலில் பிடித்தார். மெல்ல நகர்த்தினார். சூரியனில் இருந்த ஒரு வெளுத்த கோட்டின்மேல் அடுப்பின் கறுப்புக் கோடு போய் உட்கார்ந்தது. கதவு சாத்தினதுபோல இடைவெளி அடைந்துபோயிற்று.

"எனக்க அடுப்புல உள்ள உப்பு" என்று மேலே சூரியனை விரலால் காட்டினார். மிளகாய் நெடியில்கூட அன்றைக்கு நான் தும்மவில்லை.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

அவருக்கு இடது கண் சின்ன வயதில் அம்மை போட்டுப் போனது. இருந்தது வலது கண் ஒன்றுதான். வருஷக்கணக்காக அந்தக் கரி வெளிச்சத்தைப் பார்த்ததாலோ என்னவோ, அதிலும் புரை விழ ஆரம்பித்தது. முதலில் ஊதா போயிற்று. பிறகு நீலம் பழுப்பானது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். இருக்கிற ஒற்றைக் கண்ணில் கத்தி வைக்க அவர் ஒப்பவில்லை. தவறினால் முழு இருட்டு. செய்யாமல் விட்டாலும் இருட்டுத்தான், கொஞ்சம் மெதுவாக வரும்.

அதற்குள் அவருக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. உப்பின் மஞ்சள் கோடு உண்மையில் ஒன்று இல்லை, மிக நெருக்கமான இரண்டு என்று புத்தகத்தில் இருந்தது. அவர் பிலிமில் ஒன்றுதான் விழுந்தது. பிலிமுக்கு எட்டாதது கண்ணுக்கு எட்டலாம் என்று பிளேடு இடுக்கை இன்னும் இன்னும் குறுக்கினார். அதற்குள் அவர் கண்ணுக்கு வெறும் மஞ்சள் மூட்டம்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை உட்கார வைத்தார்.

"எனக்கு இப்ப ஒங்க கண்ணுதான். நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணா, ரெண்டா?"

பார்த்தேன். ஒன்று. மறுபடி பார்த்தேன். ஒன்றேதான். ஓரமெல்லாம் கூர்மையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒன்று. நிமிர்ந்தேன். அவர் பென்சிலை நோட்டில் ஊன்றிக்கொண்டு, வெளுத்த கண்ணும் மூடிவருகிற கண்ணுமாக என் குரலுக்குக் காத்திருந்தார். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். புத்தகத்தில்தான் இரண்டு என்று இருக்கிறதே, உண்மையும் அதுதானே, இவருக்கு இனி எத்தனை நாள் என்று என்னவெல்லாமோ நினைத்தேன்.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டா? நல்லாத் தெரியுதா?"

"தெரியறது. நடுவுல ஒரு இழை இருட்டு."

அந்த இழையை நானே கற்பித்தேன். அவர் கண் பத்தியில் 2 என்று எழுதி, பக்கத்தில் 'சாமி' என்று குறித்தார். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு மனைவியைப் பார்த்து, "காப்பி கொண்டா பிள்ள. இனி ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணைப் பணயம் வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர், என் பொய்யை நம்பி எழுந்துவிட்டார். ஒரே கண். நாளைக்கு அது போனால்? இருபத்திரண்டு படியையும் எண்ணாமலே இறங்கினேன்.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் மலையாளத்தில் "பேடிக்கண்டா, நன்னாயிட்டுண்டு" என்று தைரியம் சொன்னார். நான் பயப்படாமல் இல்லை. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் பன்னிரண்டு நாள் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அந்தக் காலத்தில் கண்ணுக்குள் புரை விழுந்த வில்லையை எடுத்துவிடுவார்கள், வேறு வைக்க மாட்டார்கள். அதற்குப் பதில் சோடா பாட்டில் அடியைப்போல ஒரு கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு, கண் ஆரஞ்சுப் பழம்போலப் பெரிதாகத் தெரிய, அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "சாமிக்கு நரச்சுப் போச்சே!"

இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது உப்புச் சுடர் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் கண்முனையை முன்னும் பின்னும் இழுத்துத் தனக்குத் தெளிவாக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு" என்றார்.

நான் சுடர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒண்ணுதான் சாமி. இந்தப் பட்டகத்துக்கு அவ்வளவுதான் ஏலும். பிலிமு சரியாத்தான் சொல்லிச்சு." தலையைத் திருப்பவில்லை. "ஒங்களுக்கது படிச்ச கண்ணு. புத்தகத்துல உள்ளதும் சேந்து தெரியும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மனைவி சட்டென்று உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். நான் கும்பிடக் கை எடுத்தேன், அதுவும் பாதியில் நின்றது.

"செரி, விடுங்க. கண்ணாடியத் திருப்பி வெயிலு விடுங்க" என்றார்.

சவரக் கண்ணாடியைத் திருப்பினேன். அவர் பெட்டிக்குள் குனிந்தார். சிவப்பிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்லப் பார்த்துக்கொண்டு போனார். ஊதாவின் ஓரத்துக்கு வந்ததும் நின்றார். நின்றவர் மூச்சு விடுகிறாரா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

"சாமி. இது முடியல்ல."

"எது?"

"ஊதா. இங்க முடியும்லா? முடியல்ல. இன்னும் போவுது."

"என்ன கலர்ல?"

வெகுநேரம் யோசித்தார். கலரைப் பற்றி அவர் யோசித்ததை நான் பார்த்ததே இல்லை. "வேட்டிக்கு நீலம் போட்டு வெயில்ல காயவிட்டா ஒரு வெள்ள வருமே, அது. அதுக்குள்ள கோடு கெடக்கு. தடியா ரெண்டு. அப்பறம்..." உதடு அசைந்தது. "எல்லாஞ் சேத்து ஏழு."

நான் நம்பவில்லை. பொய் சொன்னவனுக்கு மற்றவர் வார்த்தையில் சீக்கிரம் சந்தேகம் வரும். ஆபரேஷன் மயக்கம் இன்னும் விடவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவருடைய பழைய சூரிய நெகட்டிவ்களில் ஊதாவுக்கு அப்பாலும் கோடுகள் இருந்தது எனக்குத் தெரியும். பிலிமுக்கு அங்கே பார்வை உண்டு, மனிதக் கண்ணுக்குக் கிடையாது என்று நோட்டில் எழுதியிருந்தார். அதை மனப்பாடமாகச் சொல்கிறாரோ?

பெட்டியில் ஒரு திருகு உண்டு. திருப்பினால் மெல்லிய கம்பி ஒன்று பட்டைக்குக் குறுக்கே நகரும். "நான் திருப்பறேன். கம்பி கோட்டுமேல வந்ததும் மேஜையத் தட்டுங்கோ" என்றேன்.

சுற்றுகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டு திருப்பினேன். தட்டினார். மறுபடி தட்டினார். நான் வேண்டுமென்றே பின்னால் திருப்பினேன், பாதியில் நிறுத்தினேன், போக்குக் காட்டி முன்னே போனேன். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே சுற்றில், அதே கால் சுற்றுக் கணக்கில், தட்டு விழுந்தது. ஏழு இடம். ஒன்றுகூட மாறவில்லை. பிறகு பழைய நெகட்டிவை எடுத்து, பூதக்கண்ணாடியும் ஸ்கேலும் வைத்து அளந்தேன். சுற்றுகளின் இடைவெளியும் பிலிமின் இடைவெளியும் ஒன்றுக்கொன்று பொருந்தின. கண்ணின் வில்லையை எடுத்தபோது அங்கே இருந்த ஏதோ ஒரு திரையும் சேர்ந்து போயிருக்கிறது. நம் எல்லோருக்கும் வெளிச்சம் முடிகிற இடத்தைத் தாண்டி, மிளகாய்க் கடை மாடியில் உட்கார்ந்து, இந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இப்ப நீங்க பாருங்க" என்று எழுந்து இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். கண்முனையை எனக்காக இழுத்து வைத்தேன். சிவப்பு, பச்சை, நீலம், ஊதா. அப்புறம் இருட்டு. அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலை ஊன்றி, அன்று போலவே காத்திருந்தார்.

"சாமிக்கு எத்தன?"

ஏழு இடமும் எனக்குச் சுற்றுக் கணக்கோடு தெரியும். ஒவ்வொன்றையும் பிழையில்லாமல் சொல்லியிருப்பேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "இருட்டுதான் தெரியறது. சைபர்."

"ஆ, அது மதி, அது போரும்" என்று சந்தோஷமாக எழுதினார். கண்: 7. சாமி: 0. பிலிம்: 7. புத்தகம் என்ற பத்தியைக் காலியாக விட்டார்.

நோட்டைக் கேட்டு வாங்கினேன். பழைய பக்கத்தைத் தேடி, அந்த 2-ஐ ஆபீஸில் செய்வதுபோல ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே 1 என்று எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பமும் தேதியும் இட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அடிச்சாலும் அடியில உள்ளது தெரியுதே" என்றார்.

"தெரியணும். அதான் எங்க ஆபீஸ்ல முறை."

"நல்ல ஆபீஸுதான்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏளா, சாமிக்குக் காப்பி!"

அவர் போய் எத்தனையோ வருஷமாயிற்று. பெட்டியை அவர் மனைவி என்னிடம் தந்துவிட்டுக் குளச்சலுக்குப் போனாள். சென்ற வருஷம் எனக்கும் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். எதற்கும் நடுங்குகிற நான் இதற்குமட்டும் ஆசையோடு போனேன். கட்டுப் பிரித்த அன்றே ஆபரேஷன் செய்த சின்னப் பெண் டாக்டரிடம், ஊதாவுக்கு அப்பால் எனக்கு இனிமேல் தெரியுமா என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "இல்ல அங்கிளே, இப்போ உள்ளே புது லென்ஸ் வைக்கிறோமே, அது அந்த வெளிச்சத்தைத் தடுத்துடும். கண்ணுக்கு நல்லதுதான்."

இருந்தாலும் வீட்டுக்கு வந்து பெட்டியைத் துடைத்து ஜன்னலில் வைத்து, வெயிலைத் திருப்பிப் பார்த்தேன். ஊதா எப்போதும் முடிகிற இடத்தில் முடிந்தது. திருகை மெல்லத் திருப்பினேன். சுற்றுக் கணக்கு இன்னும் மறக்கவில்லை. முதல் கோட்டின் இடம் வந்ததும் நின்றேன். இருட்டு. இரண்டாவதிலும் நின்றேன். ஏழு இடத்திலும் நின்று பார்த்தேன்.

நோட்டில் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, 'சாமி: 0' என்று எழுதி வைத்தேன்.